மகள் வயசுக்கு வந்த பிறகு: அம்மாக்களும் பிள்ளைகளும் கேட்கும் கேள்விகள்

மதுரைப் பக்கத்துப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் பெண் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுவது என் வேலை. பேச்சு முடிந்ததும் ஒரு அட்டைப் பெட்டியை வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொள்வேன். பெயர் எழுதாமல் கேள்வியை மட்டும் எழுதிப் போடலாம். எட்டாக மடித்து, கொட்டைப்பாக்கு அளவுக்குச் சுருக்கிப் போட்டிருப்பார்கள். பெற்றோர் கூட்டத்தன்று அதே கேள்விகளின் மறுபக்கம் அம்மாக்களிடமிருந்து வரும். இரண்டு பக்கத்திலிருந்தும் திரும்பத் திரும்ப வந்தவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். யாருடைய அடையாளமும் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

இத்தனை வருடத்தில் நான் கண்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரத்தத்தைப் பார்த்துப் பிள்ளைகள் பயப்படுவது இரண்டு மூன்று மாதம்தான். அதன்பிறகும் அவர்களை வாட்டுவது, வீட்டில் உள்ளவர்கள் தன்னிடம் பழகும் விதம் ஒரே ராத்திரியில் மாறிப்போனது.

எந்த வயதில் வயசுக்கு வருவது சரி? என் மகளுக்கு ஒன்பது வயதிலேயே மார்பு வளர ஆரம்பித்துவிட்டதே?

ஒன்பது வயதில் ஆரம்பிப்பது இயல்புதான். 8 முதல் 13 வயதுக்குள் மார்பு மொட்டு விடும். பெரும்பாலும் அதுதான் முதல் அறிகுறி. அதிலிருந்து ஏறக்குறைய இரண்டு, இரண்டரை ஆண்டில் முதல் மாதவிடாய் வரும். 8 வயதுக்கு முன்பே மார்பு வளர்ந்தாலோ, 13 ஆகியும் வளரவே இல்லை என்றாலோ, 15 ஆகியும் மாதவிடாய் வரவில்லை என்றாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

அம்மாக்கள் அடிவயிறு கலங்கி ஓடி வருவது வேறொன்றுக்காக. ஒரு பக்க மார்பில் மட்டும் காம்புக்கு அடியில் சின்னக் கட்டி போல இருக்கும், தொட்டால் வலிக்கும். புற்றுநோயோ என்று பயந்துவிடுவார்கள். ஒரு பக்கம் முதலில் வளர்ந்து, சில மாதம் கழித்து மறுபக்கம் வளர்வது சாதாரணம். அதை அழுத்திப் பார்ப்பதும் சுளுக்கு எடுப்பது போல உருவிவிடுவதும் வேண்டாம். முதல் மாதவிடாய்க்குச் சில மாதங்கள் முன்பிருந்தே வெள்ளைபடும். அதனால் எலும்பு உருகிப் போகாது. நாற்றமோ அரிப்போ பச்சை மஞ்சள் நிறமோ இருந்தால் மட்டும் கவனிக்க வேண்டும்.

பிராய்லர் கோழி சாப்பிட்டதால்தான் சீக்கிரம் வயசுக்கு வந்துவிட்டாள் என்று சொல்லாத வீடு இல்லை. கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள் என்ற நம்பிக்கையிலிருந்து வந்த பேச்சு அது. அந்தக் கோழி வேகமாக வளர்வது இனத் தேர்வாலும் தீவனத்தாலும்தான். உடலில் கொழுப்பு கூடுதலாக இருக்கும் பிள்ளைகள் சற்று முன்னதாகவே வயசுக்கு வருகிறார்கள் என்பது உண்மை. அதற்காகக் கோழியை மட்டும் குற்றவாளி ஆக்கிவிட்டு, தினமும் வாங்கித் தரும் பாக்கெட் தீனியை விட்டுவிடாதீர்கள்.

முன்கூட்டியே சொல்லலாமா? சொன்னால் பயந்துவிட மாட்டாளா?

சொல்லாததால் பயந்த பிள்ளைகளைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி. பள்ளி விட்டு மணி அடித்து அரை மணி நேரம் ஆகியும் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. கூட்டிப் பெருக்க வந்த அம்மா பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். பையைப் பின்பக்கம் வைத்து அழுத்திப் பிடித்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தபோது அவள் முதலில் சொன்னது, "மிஸ், நான் யாரோடவும் சண்ட போடல, கீழயும் விழல." எங்கோ அடிபட்டிருக்கிறது, அதற்குத் தன்னைத் திட்டப்போகிறார்கள் என்று மதியத்திலிருந்து அந்தப் பிள்ளை நினைத்துக்கொண்டிருந்தது. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

மார்பு வளர ஆரம்பித்ததுமே சொல்லிவிடுங்கள். ஒரே நாளில் உட்கார வைத்து எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதில்லை. துணி மடிக்கும்போதோ, பூ கட்டும்போதோ, கை வேலையில் இருக்கும்போது பேசினால் இருவருக்கும் கூச்சம் குறையும். "உனக்கும் எனக்கு மாதிரி மாசா மாசம் ரத்தம் வரும், அது நோவு இல்ல, எங்க இருந்தாலும் எனக்குச் சொல்லு, நான் வந்துருவேன்" என்ற அளவு போதும். ஒரு நாப்கினைப் பிரித்து ஜட்டியில் ஒட்டிக் காட்டுங்கள். பள்ளிப் பையின் உள்ஜிப்பில் ஒரு நாப்கினும் ஒரு மாற்று ஜட்டியும் எப்போதும் இருக்கட்டும். அம்மா இல்லாத வீட்டில் அத்தையோ சித்தியோ சொல்லலாம், அப்பாவே சொல்லலாம்.

வயசுக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. இன்னும் மாதாமாதம் சரியாக வரவில்லை. ஸ்கேன் எடுத்து பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) என்று சொல்லிவிட்டார்கள்.

முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் சினைப்பை ஒழுங்குக்கு வர எடுத்துக்கொள்ளும் காலம். மாதவிடாய் வந்தாலும் பல மாதங்களில் முட்டை வெளிவந்திருக்காது. 21 நாளில் வந்தாலும் 45 நாளில் வந்தாலும் இந்த வயதில் இயல்புதான். நாளைக் கணக்கிடும்போது ரத்தம் பட்ட முதல் நாளிலிருந்து அடுத்த முறையின் முதல் நாள்வரை எண்ணுங்கள். முதல் வருடம் கழிந்த பிறகு 90 நாளாகியும் வரவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள்.

பிசிஓடி விஷயத்தில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு. வளரிளம் வயதில் சினைப்பையில் நிறையச் சின்னச் சின்ன நீர்ப்பைகள் தெரிவது வழக்கம். அதனால்தான் முதல் மாதவிடாய் வந்து எட்டு ஆண்டுகள் ஆகும்வரை ஸ்கேனை வைத்து இந்த நோயைத் தீர்மானிக்கக் கூடாது என்று 2018இல் வந்த சர்வதேச வழிகாட்டுதலே சொல்கிறது. ஆனாலும் பதின்மூன்று வயதுப் பிள்ளையின் கையில் ஸ்கேன் தாளைக் கொடுத்து, "பின்னாடி குழந்தை பிறக்கிறது கஷ்டம்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அவள் அந்த ஒரு வரியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள்.

நாள் தள்ளிப்போவதோடு தாடையிலும் நெஞ்சிலும் முடி, அடங்காத பரு, வேகமாக ஏறும் எடை இருந்தால் சோதனை தேவைதான். கழுத்தைச் சுற்றி வெல்வெட் துணி போல கருத்துத் தடித்திருந்தால் அது அழுக்கு இல்லை, பீர்க்கங்கூடு போட்டுத் தேய்க்காதீர்கள். இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக அது இருக்கலாம். தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கி, "குளிக்கவே மாட்டேங்கிறா" என்று பிள்ளையையும் திட்டிய அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன்.

ரத்தம் அதிகமாகப் போகிறது, வயிற்று வலியில் சுருண்டு படுத்துவிடுகிறாள். கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்கிறாள் மாமியார்.

கல்யாணம் மருந்து இல்லை. ஏழு நாளுக்கு மேல் போனாலோ, ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நாப்கின் முழுக்க நனைந்தாலோ, ராத்திரி எழுந்து மாற்ற வேண்டியிருந்தாலோ, பெரிய கட்டிகளாக வந்தாலோ மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். பிறவியிலேயே ரத்தம் உறைவதில் உள்ள குறை சில பிள்ளைகளுக்கு முதல் மாதவிடாயில்தான் தெரியவரும். அடிக்கடி மூக்கில் ரத்தம் வரும், லேசாக இடித்தாலும் கன்றிப்போகும் என்றால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

வலி என்பது கருப்பை சுருங்குவதால் வருவது. சுருங்க வைக்கும் பொருளுக்குப் பெயர் புரோஸ்டாகிளாண்டின். அதைக் குறைக்கும் வலி மாத்திரையை மருத்துவர் சொன்ன அளவில், வலி முற்றிய பிறகு இல்லாமல் ஆரம்பித்ததுமே, சாப்பிட்ட வயிற்றில் கொடுத்தால் நன்றாகக் கேட்கும். வெந்நீர் ஒத்தடமும் நல்லது. அப்படியும் மாதம் தவறாமல் பள்ளிக்கு லீவு போட வைக்கும் வலியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள்.

ரத்தசோகையை நாம் சோம்பேறித்தனம் என்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோம். 2019–21இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. "படிக்க உட்கார்ந்தா தூங்கிர்றா, மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது, சாக்பீஸ் தின்கிறா" என்றெல்லாம் சொல்லும் அம்மாவிடம் நான் முதலில் கேட்பது ஹீமோகுளோபின் எவ்வளவு என்றுதான். 12க்குக் கீழே இருந்தால் சோகை. பள்ளியில் வாரம் ஒரு நாள் தரும் நீல மாத்திரை இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்தது. மலம் கருப்பாகப் போகிறது என்று பயந்து ஜன்னல் வழியே எறிந்துவிடுகிறார்கள். கருப்பாகத்தான் போகும், தப்பில்லை. வீட்டில் முருங்கைக்கீரை, கேழ்வரகு, முடிந்தால் சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) கொடுங்கள். அதோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேரட்டும். சாப்பிட்ட கையோடு டீ மட்டும் வேண்டாம், சத்தை உடம்பில் ஏற விடாது.

பள்ளியில் நாப்கின் மாற்ற இடம் இல்லை. காலையில் வைத்ததையே சாயங்காலம்வரை வைத்திருக்கிறாள்.

நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பூட்டு இல்லாத கதவுக்கும் தண்ணீர் வராத குழாய்க்கும் பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்காத பிள்ளைகள் ஏராளம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைச் சத்தமாகக் கேளுங்கள். கேட்ட பள்ளிகளில் தாழ்ப்பாள் வந்திருக்கிறது.

பிள்ளைகளுக்கு இலவசமாக நாப்கின் தரும் அரசுத் திட்டம் புதுயுகம். 2012 முதல் நடக்கும் அந்தத் திட்டத்தில் ஆண்டுக்கு 18 பாக்கெட், பாக்கெட்டுக்கு ஆறு என்பது ஆரம்பத்தில் வகுத்த கணக்கு. மாதத்துக்கு ஒன்பது வருகிறது. ஐந்து நாளுக்கு அது போதாது என்பது எல்லா அம்மாக்களுக்கும் தெரியும். துணி வைப்பதானால் பருத்தித் துணி, சோப்புப் போட்டு அலசி, வெயிலில் காய வேண்டும். பாவாடைக்கு அடியில் மறைத்து நிழலில் காயப்போட்ட துணிதான் புண்ணுக்குக் காரணம்.

சடங்கு வைக்கலாமா, வேண்டாமா?

வைக்காதீர்கள் என்று எல்லோருக்கும் நான் சொல்வதில்லை. பிள்ளையைச் சுற்றிப் பத்துப் பெண்கள் கூடி, உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கொடுத்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, தாய்மாமன் சீர் கொண்டுவந்து இறக்கும்போது, "நான் இவங்களுக்கு வேணும்" என்று அந்தப் பிள்ளைக்குத் தோன்றுகிறது. அதைச் சில பிள்ளைகள் ஆசையோடு சொல்லியிருக்கிறார்கள். பச்சை முட்டை மட்டும் வேண்டாம், வேகவைத்துக் கொடுங்கள்.

நான் எதிர்ப்பது பிளக்ஸ் போர்டை. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருபதடி உயரத்தில் பட்டுப்புடவையும் உதட்டுச் சாயமுமாக மகளின் படம், சுற்றி மாமன் மச்சான்களின் படம். திங்கட்கிழமை காலையில் அதே பஸ் நிறுத்தத்தில் இரட்டைச் சடை போட்டு அவள் நிற்க வேண்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எழுதிய சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது: "போர்டு கழட்டுற வரைக்கும் நான் ஸ்கூலுக்கு வரமாட்டேன். பசங்க என்னப் பாத்து போர்டப் பாக்குறாங்க." பதினாறு நாள் அவள் வரவில்லை. காய்ச்சல் என்று விடுப்புக் கடிதம் வந்தது.

மகளிடம் கேளுங்கள். சடங்கு வேண்டுமா, யார் யாரைக் கூப்பிடலாம், போட்டோ எடுக்கலாமா என்று கேளுங்கள். தன் உடம்பைப் பற்றி ஒருவர் தன்னிடம் அனுமதி கேட்பது அவள் வாழ்க்கையில் அதுவே முதல் முறையாக இருக்கட்டும். கடன் வாங்கி வைக்காதீர்கள். "உனக்குத்தான் இவ்வளவு செலவு" என்று பின்னால் ஒரு சண்டையில் சொல்லிக்காட்டுவீர்கள், அது அவள் மேல் ஒட்டிக்கொள்ளும்.

ஓரமாக உட்கார வைப்பது தப்பா? எங்கள் பாட்டி காலத்திலிருந்து இருக்கும் பழக்கம்.

பாட்டி காலத்தில் வயல் வேலையிலிருந்தும் அடுப்படியிலிருந்தும் ஒரு பெண்ணுக்கு ஓய்வு கிடைத்த மூன்று நாள் அதுவாகத்தான் இருந்தது என்று பாட்டிகள் என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். நான் அதை மறுக்கவில்லை. ஓய்வைக் கொடுங்கள், தனித் தட்டை எடுத்துவிடுங்கள். தனித் தட்டு, தனி டம்ளர், கிழிந்த பாய், தம்பியைத் தொடாதே என்ற அதட்டல் இவற்றிலிருந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளை எடுத்துக்கொள்ளும் செய்தி ஒன்றுதான்: என் உடம்பு அசிங்கம். அந்த எண்ணத்தோடு வளர்ந்த பிள்ளைக்கு வெள்ளைபடுவதைச் சொல்ல வாய் வராது, வலியைச் சொல்ல வராது. யாராவது தகாத இடத்தில் தொட்டால் அதையும் சொல்ல வராது. பாட்டியோடு சண்டை வேண்டாம் என்றால் சண்டை போடாதீர்கள். மகளுக்குப் பக்கத்தில் நீங்களும் அதே பாயில் போய் உட்காருங்கள்.

"எங்கப்பா முன்ன மாதிரி என்கிட்ட பேசுறதில்ல மிஸ். நான் என்ன தப்பு பண்ணேன்?"

எல்லாக் கேள்விகளிலும் என்னை அதிகம் கலங்க வைப்பது இது. எல்லாப் பள்ளியிலும் வருகிறது. கையெழுத்துதான் வேறு.

நீ ஒரு தப்பும் பண்ணவில்லை கண்ணு.

அப்பாக்களுக்குச் சொல்கிறேன். பைக்கில் முன்னால் உட்கார வைத்துக் கூட்டிப்போன மகளை, ஒரு நாளிலிருந்து "அம்மாகூட ஆட்டோல வா" என்கிறீர்கள். சோறு ஊட்டிய கை பக்கத்தில் உட்காரவே கூசுகிறது. கிரிக்கெட் பார்க்கும்போது மடியில் தலை வைக்க வந்தவளை, "பெரிய பிள்ளை ஆயிட்ட, அந்தப் பக்கம் போ" என்று சொல்லிவிடுகிறீர்கள். மரியாதை என்று நினைத்துத்தான் விலகுகிறீர்கள், எனக்குத் தெரியும். லாரி ஓட்டும் ஒரு அப்பா என் எதிரில் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "எப்படிப் பேசுறதுன்னு தெரியல மிஸ். தப்பாப் போயிருமோன்னு பயமா இருக்கு." அவர் மகளிடம் கேட்டால், அப்பாவுக்குத் தன்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்றாள். ஒரே வீட்டில் இரண்டு பேர், இரண்டு வருடம், ஆளுக்கொரு கதையை நம்பிக்கொண்டிருந்தார்கள்.

அவரிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று. முன்பு இருவரும் சேர்ந்து செய்த ஒரு காரியத்தை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். லோடு இறக்கிவிட்டு வரும் ராத்திரிகளில் இருவரும் பரோட்டாக் கடைக்குப் போவார்களாம். மறுபடி போக ஆரம்பித்தார்கள். ஒருநாள் வரும் வழியில் மருந்துக் கடையில் நிறுத்தி, "உனக்கு எது வேணும்னு நீயே சொல்லு" என்று நாப்கின் வாங்கிக் கொடுத்திருக்கிறார். கடைக்காரர் செய்தித்தாளில் சுற்றிக் கருப்புக் கவரில் போட்டபோது, "கவர் வேணாம்ணே" என்றாராம். அதை அவள் என்னிடம் வந்து சொன்னபோது அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

மடியில் உட்கார வைப்பது மாறலாம், அதை அவளே தீர்மானிப்பாள். பேச்சு மாறக் கூடாது. அப்பாவிடம் தாராளமாகப் பேசிப் பழகிய பிள்ளைக்கு, வெளியே ஒருவன் இரண்டு வார்த்தை அன்பாகப் பேசியதுமே உலகம் தலைகீழாகிவிடுவதில்லை.

எதற்கெடுத்தாலும் எதிர்த்துப் பேசுகிறாள், கதவைச் சாத்திக்கொள்கிறாள்.

கதவைத் தட்டிவிட்டு உள்ளே போங்கள். பாதி சண்டை அதிலேயே குறையும். இந்த வயதுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் தேவை. விடிகாலை டியூஷனுக்கும் ராத்திரி போனுக்கும் நடுவே ஆறு மணி நேரம்கூடத் தூங்காத பிள்ளை சிடுசிடுப்பதை நாம் திமிர் என்கிறோம்.

"நான் கருப்பா இருக்கேன். வெள்ளையாக என்ன க்ரீம் போடலாம்?"

மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் க்ரீம் எதையும் போடாதே. சீக்கிரம் வெளுக்க வைக்கும் பல க்ரீம்களில் ஸ்டீராய்டு இருக்கிறது. பத்து நாளில் முகம் பளிச்சென்று ஆகும். விட்டால் சிவக்கும், எரியும், பரு கொட்டும். மறுபடி போட்டால்தான் அடங்கும். தோல் மெலிந்து நரம்பு தெரியும், முகத்தில் முடி வளரும். இதைப் பார்த்துத்தான் 2018இல் ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அரசு விதி கொண்டுவந்தது. ஆனாலும் விற்கிறார்கள். முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

இது பிள்ளைக்குச் சொன்னது. மற்றது பெரியவர்களுக்கு. கருப்பு அசிங்கம் என்று அவளாகக் கண்டுபிடிக்கவில்லை. "பரவால்ல, முகக்களை இருக்கு" என்று அத்தை ஆறுதல் சொன்னபோது தெரிந்துகொண்டாள். "இவ அக்கா நல்ல கலரு" என்று விருந்தாளி சொன்னபோது தெரிந்துகொண்டாள். குண்டு பூசணி, ஓமக்குச்சி, நெட்டைக்கொக்கு என்று நாம் ஆசையாக வைத்த பட்டப்பெயர்கள் பதினொரு வயதுவரை சிரிப்பாக இருக்கும், பன்னிரண்டில் குத்தும். அவள் சிரிப்பதை நிறுத்திய அன்றே நீங்களும் நிறுத்திவிடுங்கள்.

ஒரு வகுப்பில், உன்னிடம் உனக்குப் பிடித்தது ஒன்றை எழுது என்றேன். நாற்பத்திரண்டு பேரில் பத்துப் பேர் வெறும் தாளைக் கொடுத்தார்கள். அடுத்த வாரம் கேள்வியை மாற்றி, உன் கையால் என்னென்ன செய்யத் தெரியும் என்று கேட்டேன். ஒரு தாள்கூட வெறுமையாக வரவில்லை. ஆட்டுக்குட்டிக்குப் பால் புகட்டத் தெரியும், மோட்டார் போடத் தெரியும், கபடியில் கால் பிடிக்கத் தெரியும், தாத்தாவுக்குச் சர்க்கரை ஊசி போடத் தெரியும். வீட்டிலும் இப்படிக் கேட்டுப் பாருங்கள். "அழகா இருக்க" என்று சொல்லுங்கள், தாராளமாகச் சொல்லுங்கள். அதைவிட அதிகமாக, "நேத்து தாத்தாவுக்கு நீ ஊசி போட்ட விதம் நல்லாயிருந்துச்சு" என்று சொல்லுங்கள்.

"என் பெஸ்ட் ஃப்ரெண்ட் வேற ஒருத்தியோட சேர்ந்துட்டா. என்னைய குரூப்ல இருந்தும் எடுத்துட்டாங்க."

இதைக் கேட்டுப் பெரியவர்கள் சிரிப்பார்கள். சிரிக்காதீர்கள். வீட்டில் எல்லோரும் ஒரு அடி தள்ளி நிற்க ஆரம்பித்த பிறகு அவளுக்குப் பக்கத்தில் மிச்சமிருந்தது அந்த ஒருத்திதான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் யாரோடு உட்காருவது என்பது அவளுக்குப் பரீட்சையைவிடப் பெரிய பயம்.

கண்ணு, நீ ஒரு முறை நேராகக் கேட்கலாம்: "உனக்கு என் மேல கோவமா?" பதில் வரவில்லை என்றால் இரண்டாவது முறை கெஞ்சாதே. உன் டிபனை எடுத்துக்கொண்டு வேறொரு வட்டத்தில் போய் உட்கார். முதல் இரண்டு நாள் கஷ்டமாக இருக்கும். அவள் உன்னிடம் நம்பிச் சொன்ன ரகசியத்தை யாரிடமும் சொல்லாதே. நீ வேறு யாரையாவது குரூப்பிலிருந்து எடுத்திருந்தால் இன்றைக்கே மறுபடி சேர்த்துவிடு.

மகள் ஒரு பையனோடு பழகுகிறாள் என்று தெரிந்தது. படிப்பை நிறுத்திவிடலாமா?

நிறுத்தாதீர்கள். பதினான்கு, பதினைந்து வயதில் ஒருவர் மேல் ஈர்ப்பு வருவது உடம்பும் மனசும் சரியாக வளர்வதன் அடையாளம். ஈர்ப்பு வந்ததாலேயே அவள் கெட்டுப்போனவள் ஆகிவிட மாட்டாள்.

வளர்ந்த பெண்ணை வீட்டோடு நிறுத்துவது நமக்குப் புதிதில்லை. சங்க அகப்பாடல்களில் அதற்கு இற்செறிப்பு என்றே பெயர் உண்டு. அதே பாடல்களில்தான் காதலனோடு வீட்டை விட்டுப் போகும் உடன்போக்கும் வருகிறது, மகள் போன வழியைப் பார்த்துச் செவிலித்தாய் அழுவதும் வருகிறது. அடைத்து வைத்த வீடுகளில் அன்றைக்கு என்ன நடந்ததோ அதுவேதான் இன்றைக்கும் நடக்கிறது. போனைப் பிடுங்கி, பள்ளியை நிறுத்தி, அவசரமாக மாப்பிள்ளை பார்த்த வீட்டுப் பிள்ளைகள்தான் பதினாறு வயதில் பஸ் ஏறிப் போனார்கள்.

சட்டத்தை இருவருக்குமே சொல்ல வேண்டும். 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை உடலுறவுக்குச் சொல்லும் சம்மதத்தைச் சட்டம் சம்மதமாக எடுத்துக்கொள்ளாது. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி பையன் சிறைக்குப் போக நேரலாம். 18 ஆகும் முன் கல்யாணம் செய்துவைத்தால், 2006ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி செய்துவைத்தவர்களுக்கு இரண்டு ஆண்டுவரை கடுங்காவல், ஒரு லட்சம்வரை அபராதம். மிரட்டலாகச் சொல்லாமல், உட்கார வைத்துச் சொல்லுங்கள்.

பிறகு கேளுங்கள். அவன் எப்படிப்பட்டவன் என்று அவள் வாயால் சொல்ல விடுங்கள். நான் பிள்ளைகளிடம் கேட்பது இது: அவனிடம் "வேண்டாம்" என்று சொன்னால் என்ன ஆகும்? "கோவிச்சுக்குவான்", "கையக் கிழிச்சுக்குவான்", "போட்டோவ அனுப்பிருவேங்கிறான்" என்று பதில் வந்தால், அதற்குமேல் நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. அவளே என்னைப் பார்ப்பாள். தோழிகளோடு பேசாதே, பாஸ்வேர்டு கொடு, இந்த டிரெஸ் போடாதே என்பதெல்லாம் அக்கறை என்று நம்பும் பிள்ளைகள் நிறைய. வீட்டில் அண்ணனும் அப்படித்தானே பேசுகிறான்.

படத்தை வைத்து மிரட்டுகிறான். யாரிடமும் சொல்ல முடியவில்லை.

சொல்லலாம். படத்தை நீயே அனுப்பியிருந்தாலும் குற்றம் மிரட்டுகிறவனுடையது. பணம் கொடுக்காதே, இன்னொரு படம் கொடுக்காதே, மெசேஜை அழிக்காதே. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை. வீட்டில் ஒருவரிடம் சொல், முடியவில்லை என்றால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குக் கூப்பிடு. 18 வயதுக்குள் எடுத்த படங்கள் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் போன்ற இடங்களில் பரவாமல் தடுக்க 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை இருக்கிறது. அதில் படம் உன் போனை விட்டு வெளியே போகாது, அதன் அடையாள எண் மட்டும்தான் போகும்.

அம்மாக்களுக்கு: மகள் இதைச் சொன்னால் முதல் வார்த்தையாக "ஏன்டி அனுப்பின?" என்று கேட்காதீர்கள். "சொன்னியே, நல்லது" என்று ஆரம்பியுங்கள்.

சொந்தக்காரர் ஒருவர் தொடுவது பிடிக்கவில்லை என்கிறாள். குடும்ப மானம் போய்விடுமே?

நம்புங்கள். அந்த ஆளை அன்றைக்கே வீட்டிலிருந்து விலக்குங்கள். 1098க்குச் சொல்லுங்கள், காவல் நிலையத்துக்குப் போங்கள். தெரிந்தும் சொல்லாமல் இருப்பது போக்சோ சட்டப்படி குற்றம். பிள்ளையின் பெயரை யாரும் வெளியிடக் கூடாது என்பதும் அதே சட்டம்தான்.

வயசுக் கோளாறு எது, மருத்துவரிடம் காட்ட வேண்டியது எது?

மாதவிடாய்க்கு முந்திய சில நாள் அழுகையும் எரிச்சலும் வந்து போகும். இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்து சோர்ந்திருந்தால், பிடித்த விளையாட்டு, பாட்டு, தோழி எதுவுமே வேண்டாம் என்றால், சாப்பாட்டை ஒளித்து வைத்தால் அல்லது சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுத்தால் காத்திருக்க வேண்டாம். சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்றாமல் இருந்தால் மெதுவாகக் கையைப் பாருங்கள். வெட்டுத் தழும்பு இருந்தால் கத்தாதீர்கள், அடிக்காதீர்கள், தனியாகவும் விடாதீர்கள். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. "செத்துப்போறேன்" என்று சொல்வதை நடிப்பு என்று நினைத்த ஒரு வீட்டுக்கு நான் மாலையோடு போக வேண்டி வந்தது. அதற்குமேல் என்னால் எழுத முடியவில்லை.

"இனிமே நான் சைக்கிள் ஓட்டலாமா மிஸ்?"

பென்சிலால் எழுதி, பெட்டியின் அடியில் கிடந்த சீட்டு இது.

ஓட்டலாம். அந்த மூன்று நாளிலும் ஓட்டலாம். கன்னித்தன்மை போய்விடும் என்று யாராவது சொன்னால் அது பொய். கடைக்குப் போய் சீட்டை மட்டும் கொஞ்சம் ஏற்றி வைக்கச் சொல். போன வருஷத்துக்கு நீ நன்றாக வளர்ந்திருப்பாய், இன்னும் ஐந்தாறு சென்டிமீட்டர் வளர்வாய்.